நடந்ததும் நடந்துகொண்டிருந்ததும்

நாளிதழ்களில் வரும் ‘காணவில்லை’ அறிவிப்புகளில் ஒரு வரி மாறாமல் இருக்கும்: வீட்டை விட்டுப் போனபோது நீல நிறச் சேலை அணிந்திருந்தார். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் பலர் ‘ஷி ஹேட் வோர்ன் எ புளூ சாரி’ என்று எழுதுகிறார்கள். படித்துப் பட்டம் வாங்கிய பெரியவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘அணிந்து’ என்பதற்கு ‘வோர்ன்’, ‘இருந்தார்’ என்பதற்கு ‘ஹேட்’ என்று சொல்லுக்குச் சொல் வைத்த கணக்கு அது. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியானவர் காதில், அதற்கு முன்பு எப்போதோ அவர் அந்தச் சேலையைக் கட்டியிருந்தார் என்றுதான் அது விழும். காணாமல் போன நேரத்தில் உடம்பில் என்ன உடை இருந்தது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. தேடிப் போகிறவருக்கு வேண்டியதோ அந்த விடைதான். எழுதியிருக்க வேண்டியது ‘ஷி வாஸ் வேரிங்’.

சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் கன்டினியூயஸ் இரண்டில் எதைப் போடுவது என்பது நம் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடரும் குழப்பம். ஆங்கிலம் கடினமான மொழி என்பதல்ல இதற்குக் காரணம். தவறான விதியைச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பிள்ளைகள் கையில் ஏற்கெனவே இருக்கும் தமிழைப் பயன்படுத்தாமல் விடுகிறோம் என்பதே என் எண்ணம்.

பள்ளியில் சொல்லப்படும் விதி இதுதான். சட்டென்று முடிந்த செயலுக்கு சிம்பிள் பாஸ்ட். கொஞ்ச நேரம் நீடித்த செயலுக்குப் பாஸ்ட் கன்டினியூயஸ். கூடவே ஒரு குறுக்குவழி: ‘வைல்’ வந்தால் ‘இங்’ போடு, ‘வென்’ வந்தால் ‘ஈடி’ போடு. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்ப இது போதும். உண்மையான வாக்கியங்களில் வைத்து உரசிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். விக்டோரியா 1837 ஜூன் 20 முதல் 1901 ஜனவரி 22 வரை, 63 ஆண்டுகளும் 7 மாதங்களும் அரசியாக இருந்தார். அந்த ஆட்சியை மொத்தமாகச் சொல்லும்போது ஆங்கில வரலாற்று நூல்கள் ‘ரூல்டு’ என்றே எழுதும். ‘வாஸ் ரூலிங்’ என்று எழுதாது. தமிழிலும் அப்படியே. ராஜராஜ சோழன் 985 முதல் 1014 வரை ஆண்டான் என்போம். ஆண்டுகொண்டிருந்தான் என்று சொல்ல மாட்டோம். மறுபக்கம் தும்மலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நொடிகூட நீடிக்காத காரியம். ஆனாலும், நான் உள்ளே போனபோது அவர் தும்மிக்கொண்டிருந்தார் என்கிறோம். ஆங்கிலக்காரரும் ‘வாஸ் ஸ்னீஸிங்’ என்கிறார். 63 ஆண்டுகளுக்கு ‘ஈடி’யும் மூன்று நொடிக்கு ‘இங்’கும் பொருந்துகிறது என்றால், நேரத்தின் நீளத்துக்கும் இந்தத் தேர்வுக்கும் சம்பந்தமில்லை.

வேறு எதற்குச் சம்பந்தம்? பிரிட்டிஷ் மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 1976இல் ‘ஆஸ்பெக்ட்’ என்ற சிறிய நூலில் இதைத் தெளிவாக்கினார். தமிழ் மொழியியலாளர்கள் இதை வினைநோக்கு என்கிறார்கள், நல்ல சொல். காலம் என்பது செயல் எப்போது நடந்தது என்பதைச் சொல்வது. வினைநோக்கு என்பது சொல்கிறவர் அந்தச் செயலை எங்கே நின்று பார்க்கிறார் என்பதைச் சொல்வது. ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். ‘தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தது’ என்று சொல்கிறவர் தேரோட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருசேரப் பார்க்கிறார். அவர் நிற்பது வெளியே. ‘தேர் தெற்கு வீதியில் வந்துகொண்டிருந்தது’ என்பவர் வடம் பிடித்த கூட்டத்துக்குள் நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. அதனால்தான் இரண்டாவது வாக்கியத்தோடு ஒருவர் பேச்சை நிறுத்தினால், கேட்கிறவர் “சரி, அப்புறம்?” என்கிறார். முதல் வாக்கியத்துக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் தம் பெரிய ஆங்கில இலக்கணத்தின் நான்காம் பகுதியில், 1931இல், இதையே இன்னொரு விதமாகச் சொன்னார். தொடர்வினை ஒரு சட்டம் போன்றது. அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு நேரமோ இன்னொரு நிகழ்ச்சியோ படமாக உட்காருகிறது. ‘எட்டு மணிக்குச் சாப்பிட்டேன்’ என்றால் எட்டு மணிக்கு இலையில் உட்கார்ந்தேன் என்று பொருள். ‘எட்டு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்றால் எட்டு மணி என்ற புள்ளிக்கு முன்னும் பின்னும் சாப்பாடு பரவியிருக்கிறது. ஆங்கிலத்திலும் இம்மியும் மாறாது.

உள்ளே நின்று பார்ப்பதன் விளைவு ஒன்று உண்டு. அதை அமெரிக்க மொழியியலாளர் டேவிட் டவுட்டி 1979இல் விரிவாக ஆராய்ந்து, முற்றுப்பெறா வினையின் முரண் என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். ‘வாஸ் வாக்கிங்’ என்பது உண்மையென்றால் ‘வாக்டு’ என்பதும் உண்மை. நடந்துகொண்டிருந்தவர் கொஞ்ச தூரமாவது நடந்துவிட்டார். ஆனால் ‘வாஸ் கிராஸிங் தி ரோட்’ உண்மையாக இருந்தாலும் ‘கிராஸ்டு’ பொய்யாக இருக்கலாம். சாலையின் நடுவில் லாரி மோதியிருந்தால் அவர் கடந்துகொண்டிருந்தார், ஆனால் கடக்கவில்லை.

இந்த ஒரு விகுதி வேறுபாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் வரலாற்றுக் கேள்வி ஒன்று இருக்கிறது. 1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போனார்கள். மதியம் ஒரு மணிக்குச் சற்று முன், மேகம் விலகிய இடைவெளியில், கீழே இருந்த நோயல் ஓடெல் அவர்களைப் பார்த்தார். மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். மேகம் மூடியது, அதன்பின் அவர்களை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. 1999 மே 1 அன்று மலோரியின் உடல் சுமார் 8,155 மீட்டர் உயரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அவர்கள் எவரெஸ்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஏறினார்களா என்பது நூறாண்டு கடந்தும் தீரவில்லை. ஹிலாரியும் டென்சிங்கும் 1953 மே 29 அன்று ‘கிளைம்டு’. மலோரிக்கு இன்றுவரை உறுதியாகத் தரக்கூடியது ‘வாஸ் கிளைம்பிங்’ மட்டும்தான்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1954 டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ எழுதிக்கொண்டிருந்தார். பின்னர் அதை முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி. ‘பொன்னியின் செல்வன்’ பற்றிப் பேசும்போது கல்கி எழுதினார் என்று தயங்காமல் சொல்கிற நாக்கு, ‘அமரதாரா’ என்று வந்ததும் ‘எழுதிக்கொண்டிருந்தார்’ என்று தானாகவே மாறிவிடுகிறது. இலக்கணம் படிக்காத தமிழ் வாசகருக்கும் இந்த வேறுபாடு தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இதைப் புதிய பாடமாக நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? தமிழின் ஜன்னலும் ஆங்கிலத்தின் ஜன்னலும் ஒரே சுவரில், ஒரே திசையில் இருந்தாலும் அளவில் வேறு. எங்கெங்கே வேறு என்பதைப் பாடநூல்கள் காட்டுவதில்லை.

முதலில் ‘அணிந்திருந்தார்’. உட்கார், படு, சாய், பிடி, உடுத்து, ஒளி போன்ற வினைகள் தமிழில் ஒரு நிலைக்கு மாறுவதைக் குறிப்பவை. அப்படி மாறியபின் அந்த நிலையில் தங்குவதை ‘இரு’ சேர்த்துச் சொல்கிறோம்: உட்கார்ந்திருந்தார், படுத்திருந்தார், சாய்ந்திருந்தார், குடை பிடித்திருந்தார், ஒளிந்திருந்தான். ஆங்கிலம் அதே தங்கலை ‘இங்’ போட்டுச் சொல்கிறது: சிட்டிங், லையிங், லீனிங், ஹோல்டிங், ஹைடிங். நம் பிள்ளைகளோ ‘இரு’ வந்த இடத்திலெல்லாம் ‘ஹேட்’ போடுகிறார்கள். சேலை கட்டுவதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘சேலை கட்டியிருந்தாள்’ என்றால் உடம்பில் சேலை இருக்கிறது, ‘வாஸ் வேரிங்’. ‘நான் போனபோது சேலை கட்டிக்கொண்டிருந்தாள்’ என்றால் கொசுவம் இன்னும் கையில் இருக்கிறது; அது ‘வாஸ் புட்டிங் ஆன்’. தமிழ் துணைவினையை மாற்றிக் காட்டும் இடத்தில் ஆங்கிலம் வினையையே மாற்றிவிடுகிறது.

இது வெறும் மதிப்பெண் விவகாரமும் அல்ல. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் சாட்சிகள் தமிழில் பேசுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். ‘கதவைத் திறந்தபோது அவன் கத்தி வைத்திருந்தான்’ என்று ஒரு சாட்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘ஹேட் கெப்ட் எ நைஃப்’ என்று அது ஆங்கிலமானால், கத்தியை முன்கூட்டியே எங்கோ வைத்தவன் என்ற வாசனை வருகிறது. ‘வாஸ் ஹோல்டிங்’ என்றால் அந்த நொடியில் கத்தி கையில் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது இடம் மனம் சார்ந்த வினைகள். 1957இல் தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் ஆங்கில வினைகளை நான்காகப் பிரித்தார்: நடப்பது போன்ற இயக்கம், வீடு கட்டுவது போல முடிவை நோக்கிய வேலை, கண்டுபிடிப்பது போன்ற நொடிப்பொழுது நிகழ்வு, அறிந்திருப்பது போன்ற நிலை. இந்த நான்காம் வகை ஆங்கிலத்தில் பொதுவாக ‘இங்’கை ஏற்பதில்லை. இந்தியர்கள் பேசும் ஆங்கிலத்தின் அடையாளமாகக் காட்டப்படும் ‘ஐ வாஸ் நோயிங்’ இந்த விதியைத்தான் மீறுகிறது. தாய்மொழியின் தாக்கம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை அது சரியில்லை. ‘அப்போதே எனக்குத் தெரியும்’ என்பதுதான் தமிழ். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது’ என்று இந்தப் பொருளில் எவரும் பேசுவதில்லை. அந்தப் பிழை, ‘இங்’கை அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுத்ததால் வந்தது என்றே எனக்குப் படுகிறது. உண்மையில் தமிழிலிருந்து வருபவை வேறு. ‘நீ வர மாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்’, ‘அவர் பேச்சை நம்பிக்கொண்டிருந்தேன்’, ‘காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது’. இவை நல்ல தமிழ். ஆங்கிலத்தில் இவை ‘ஐ தாட்’, ‘ஐ பிலீவ்டு’, ‘ஐ ஹேட் ஃபீவர்’. ‘ஐ வாஸ் பிலீவிங்’, ‘ஐ வாஸ் ஹேவிங் ஃபீவர்’ என்று கேட்கும்போது பின்னால் இருக்கும் தமிழ் வாக்கியம் எனக்கு அப்படியே கேட்கிறது.

மூன்றாவது இடம் வழக்கம். இதுதான் மூன்றிலும் ஆழமானது. ‘தாத்தா தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார், கிணற்றடியில் குளிப்பார், வயலுக்குப் போவார்’ என்று, தாத்தா காலமாகி இருபது ஆண்டு கழித்தும் எதிர்கால வடிவத்தில் பேசுகிறோம். வேற்று மொழிக்காரர் தமிழ் படிக்கும்போது இந்த இடத்தில் திகைத்துப்போவார். ‘கொண்டிரு’வையும் வழக்கத்துக்குப் போடலாம்: ‘அப்போது ரூபாய்க்கு எட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தார்கள்.’ காம்ரியின் பகுப்பில், உள்ளிருந்து பார்க்கும் நோக்கு என்ற பெரிய வட்டத்துக்குள் வழக்கம் ஒரு பகுதி, அந்நேரத்தில் நடந்துகொண்டிருப்பது இன்னொரு பகுதி. பிரெஞ்சு மொழியின் இம்பார்ஃபே என்ற இறந்தகாலம் இரண்டையும் மூடும். நம் ‘கொண்டிரு’வும் வழக்கத்தின் பக்கம் ஓரளவு கால் நீட்டுகிறது. ஆங்கிலத்தின் ‘வாஸ் டூயிங்’ அந்நேரத்து நிகழ்வோடு பெரும்பாலும் நின்றுவிடும். பழைய வழக்கத்துக்கு ‘யூஸ்டு டு’, ‘வுட்’, அல்லது வெறும் சிம்பிள் பாஸ்ட். ‘ஹி காட் அப் அட் ஃபோர் எவ்ரி டே’ போதும். ‘வாஸ் கெட்டிங் அப்’ என்றால் தாத்தா ஒரு நாள் காலை பாயிலிருந்து எழுந்துகொண்டிருந்த காட்சியாகிவிடும். சலிப்போடு சொல்லும்போது மட்டும் ஆங்கிலம் வழிவிடுகிறது: ‘ஹி வாஸ் ஆல்வேஸ் பாரோயிங் மணி’. அந்தச் சலிப்புக்குத் தமிழில் ‘எப்போ பாத்தாலும் கடன் கேட்டுக்கிட்டே இருப்பான்’ என்று ஓர் ஏகாரம் இருக்கிறது.

‘வென்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘அவர் வந்ததும் காபி போட்டாள்’, ‘அவர் வந்தபோது காபி போட்டுக்கொண்டிருந்தாள்’, ‘அவர் வந்தபோது காபி போட்டிருந்தாள்’. முதல் வாக்கியத்தில் வந்தவர் காபிக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் டிகாக்‌ஷன் வாசம் வாசலுக்கே வருகிறது. மூன்றாவதில் டம்ளர் தயாராக இருக்கிறது. தமிழ் இந்த வேலையில் ஒரு பங்கை ‘ததும்’, ‘தபோது’ என்ற முடிவுகளிடம் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே ‘வென்’. அதனால் பாரம் முழுவதும் அடுத்து வரும் வினை மேல் விழுகிறது: மேட், வாஸ் மேக்கிங், ஹேட் மேட். ‘வென்’ வந்தால் ‘ஈடி’ என்று கற்றுக்கொண்ட பிள்ளை மூன்று வீட்டிலும் ஒரே காபியைக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்துக்கே இந்த வேறுபாடு பிறவியில் வந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘இரு’ என்ற வினையோடு ‘எண்டே’ என்ற விகுதி சேர்ந்த வடிவம் இருந்தது, ஆனால் கட்டாயமில்லை. ‘வேட்டையில் இருக்கிறான்’ என்பது போன்ற பெயர்ச்சொல் தொடரும் அதோடு கலந்து இன்றைய ‘இங்’ உருவானது என்பர். எது எவ்வளவு கலந்தது என்பதில் அறிஞரிடையே வழக்கு ஓயவில்லை. ஷேக்ஸ்பியர் காலத்திலும் ‘இங்’ உள்ள வடிவமும் இல்லாத வடிவமும் ஒரே பொருளில் புழங்கின. கையில் புத்தகத்தோடு வரும் ஹாம்லெட்டிடம் என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்பது வெறும் நிகழ்காலத்தில்தான்; இன்று ஒருவர் அப்படிக் கேட்டால் பிழை என்பார்கள். ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்ற பொருளில் ‘இஸ் பீயிங் பில்ட்’ என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. 1870இல்கூட ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் என்ற அமெரிக்கர் அதை ஆங்கிலமே அல்ல என்று சாடி எழுதினார்.

தொடர்ச்சியைச் சொல்லப் பல மொழிகள் இருத்தல், நிற்றல், தங்குதல் ஆகியவற்றையே நாடியிருக்கின்றன. ஸ்பானிய மொழியின் எஸ்தார் என்ற துணைவினை, நிற்றலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தியின் ‘ரஹா’ தங்குவதைக் குறிக்கும் வினை. தமிழில் நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாகக் ‘கிறு’, ‘கின்று’ ஆகியவற்றோடு ‘ஆநின்று’ என்பதையும் சொல்கிறது: உண்ணாநின்றான். அதற்குள் ‘நில்’ நின்றுகொண்டிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இன்று நாம் கொள், இரு என்ற இரண்டை இணைத்து வைத்திருக்கிறோம்; பேச்சில் அது ‘கிட்டிருந்தான்’ ஆகியிருக்கிறது.

கற்கிறவர்கள் பக்கம் திரும்பினால், ரோஜர் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. மூன்று அமெரிக்கக் குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து, 14 இலக்கண உருபுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று அவர் பார்த்தார். முதலில் வந்தது ‘இங்’. ‘ஈடி’ ஒன்பதாவது. அந்தக் குழந்தைகள் நிலையைக் குறிக்கும் வினைகளில் ‘இங்’கை ஒட்டுவதேயில்லை என்பதையும் அவர் கவனித்தார். 1990களில் ரோஜர் ஆண்டர்சனும் யசுஹிரோ ஷிராயும், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களும் ஏறக்குறைய ஒரே பாதையில் போவதாக வாதிட்டார்கள்: உடைந்தது, விழுந்தது, வந்தது போன்ற முடிவுள்ள வினைகளில் முதலில் ‘ஈடி’ ஏறுகிறது, ஓடுவது, விளையாடுவது போன்றவற்றில் முதலில் ‘இங்’ ஏறுகிறது. எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டுவதுதான் கடினம். அதாவது ‘ரன்னிங்’ சுலபம், ‘ரான்’ தாமதம். அந்தத் தாண்டலுக்கு உதவ வேண்டிய வயதில்தான் நாம் ‘வென்’, ‘வைல்’ பெட்டியைக் கொடுக்கிறோம்.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் ஆறு தமிழ் வாக்கியங்களை அச்சிடுங்கள்: கட்டியிருந்தாள், கட்டிக்கொண்டிருந்தாள், நினைத்துக்கொண்டிருந்தேன், எழுந்திருப்பார், வந்ததும் போட்டாள், வந்தபோது போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஆங்கிலம் என்ன செய்கிறது என்று காட்டுங்கள். அரைப் பக்கம் போதும். ஆசிரியர்களிடம் இன்னொன்று: அடுத்த முறை ஒரு பிள்ளை ‘ஹேட் வோர்ன்’ என்று எழுதினால், சிவப்பு மையை எடுக்குமுன் தமிழில் கேளுங்கள், “அந்த நேரத்தில் சேலை உடம்பில் இருந்ததா, இல்லையா?” என்று. பதில் சரியாகத்தான் வரும். அந்தப் பதிலிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.